எரிபொருள் கசிந்த நிலத்தைப் பரிசோதித்தல்: மூங்கில்துறைப்பட்டை முன்வைத்து

நிலத்தடித் தொட்டியிலிருந்தோ குழாயிலிருந்தோ பெட்ரோல் கசிந்தால் அது உடனே யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு குழாய் இணைப்பு விநாடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகுவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேலும் ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேலும் எரிபொருள் மண்ணுக்குள் இறங்கிவிடும். பங்க்கின் அன்றாட இருப்புக் கணக்கில் இது தெரியவே தெரியாது. 10,000 லிட்டர் பெட்ரோல் உள்ள தொட்டியில் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் குறைந்தாலே ஏறத்தாழ 10 லிட்டர் சுருங்கிப்போகும். 4 லிட்டர் கசிவை அந்தச் சுருக்கமே விழுங்கிவிடுகிறது. ஆகவே பெரும்பாலான கசிவுகளை முதலில் கண்டுபிடிப்பவர் பங்க் நடத்துபவராக இருப்பதில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் இறைப்பவர்தான் கண்டுபிடிக்கிறார்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள மூங்கில்துறைப்பட்டு, இந்தப் பரிசோதனையின் எல்லாச் சிக்கல்களையும் ஒரே இடத்தில் காட்டக்கூடிய ஊர். மாசுபட்ட ஊர் என்பதற்காக அது இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதன் நில அமைப்புக்காகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கள்ளக்குறிச்சி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் முதல் அலகு இங்கே இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசைகட்டி நிற்கும். அவற்றுக்கு எரிபொருள் ஊற்றும் பங்க், பழுது பார்க்கும் பட்டறை, டீசல் பேரல் உருண்டு கிடக்கும் கொட்டகை, ஒரு காலத்தில் ஆயில் எஞ்சின் ஓடிய கிணற்று மேடு என்று எரிபொருள் சிந்த வாய்ப்புள்ள இடங்கள் இப்படிப்பட்ட எந்த ஊரிலும் பல உண்டு. ஆற்றோரம் மணலும் வண்டலும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போனால் மேலே மண், அதன் கீழ் மொரம்பு, அதற்கும் கீழே கல்வராயன் மலையைச் சார்ந்த சார்னோகைட், நைஸ் வகைக் கெட்டிப் பாறை. ஊர் குடிப்பதும் கரும்பு குடிப்பதும் இந்த அடுக்குகளில் தங்கும் தண்ணீரைத்தான்.

மண்ணில் எரிபொருளின் போக்கு

பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு முக்கால் கிலோவை ஒட்டியது. டீசல் அதைவிடச் சற்றே கனம். இரண்டும் தண்ணீரைவிட லேசானவை. கசிந்த எரிபொருள் மண் துகள்களுக்கு இடையே செங்குத்தாக இறங்கி, வழியெல்லாம் ஒரு பகுதியை விட்டுவிட்டுப் போகிறது. சிறு கசிவு என்றால் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். பெரிய கசிவு நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டு அதன் மேல் மிதந்து பரவும். மிதக்கும் படலத்திலிருந்து கரையக்கூடிய பொருட்கள் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கலந்து, நீரோட்டம் போகும் திசையில் நீண்ட நாக்கு போல நகரும். இன்னொரு பகுதி ஆவியாகி மண் இடுக்குகள் வழியே மேலேறி வீட்டின் தளத்துக்கு அடியில் தேங்கும். மண்ணில் ஒட்டியது, மிதப்பது, கரைந்தது, ஆவியானது என நான்கு வடிவங்களில் ஒரே கசிவு கிடக்கிறது. ஒரு வடிவத்தை மட்டும் தேடுகிற பரிசோதனைக்கு மற்ற மூன்றும் தெரியாது.

கரையும் பொருட்களில் முதன்மையானவை பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கு. ஆய்வகங்கள் இவற்றைச் சேர்த்து பிடெக்ஸ் என்கின்றன. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்படுத்தப்பட்ட பொருள். இந்தியாவில் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோலில் அது கொள்ளளவில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 1 சதவீதம் என்பது சிறிய அளவாகத் தோன்றும். அந்தக் கணக்குப்படி ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 8.7 கிராம் பென்சீன் இருக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. 8.7 கிராம் முழுவதும் கரைந்தால் 8 லட்சம் லிட்டருக்கும் கூடுதலான நீரை அது அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். 6 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் ஆழ நீரும் உள்ள ஒரு பாசனக் கிணற்றில் இருப்பது 1.13 லட்சம் லிட்டர். நடைமுறையில் ஆவியாதலும் நுண்ணுயிர்களும் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன என்றாலும், சிறு கசிவைக் கூட ஏன் அலட்சியப்படுத்தக் கூடாது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். டீசலில் பென்சீன் மிகக் குறைவு. அதன் கனமான சேர்மங்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. மண்ணைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் கிடக்கும்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலைக்கு இந்தியா வந்துவிட்டது. கரும்பு விளையும் ஊர்களுக்கு இது நல்ல செய்தி. நிலத்தடி நீருக்கு அவ்வளவு நல்ல செய்தி ஆகாது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்கின்றன. அதற்குள் அங்கிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால் பென்சீன் சிதையாமல் தங்கி, கூடுதல் தூரம் நகர வாய்ப்பு ஏற்படுகிறது.

எவ்வளவு தூரம் என்ற கேள்விக்குப் பலரும் காட்டுவது அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1995இல் வெளியிட்ட முடிவை. கலிஃபோர்னியாவில் கசிந்த தொட்டிகளை ஆராய்ந்தபோது, பென்சீன் பரவல் பெரும்பாலான இடங்களில் 250 அடிக்குள், அதாவது ஏறத்தாழ 76 மீட்டருக்குள் நின்றிருந்தது. அங்கே ஆராயப்பட்டவை பெரும்பாலும் மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்த நிலங்கள். மூங்கில்துறைப்பட்டின் ஆற்றங்கரை வண்டலுக்கு அந்த எண்ணை ஓரளவு ஒப்பிடலாம். கெட்டிப் பாறைப் பகுதிக்கு அதைப் பொருத்துவது ஆபத்து. பாறையில் நீர் வெடிப்புகள் வழியே ஓடுகிறது. 20 மீட்டர் தள்ளியிருக்கும் கிணறு தப்பிக்கலாம். அதே வெடிப்பில் உட்கார்ந்திருக்கும் 150 மீட்டர் தொலைவுப் போர்வெல் கெடலாம். வயலில் ஒரு மோட்டார் ஓடத் தொடங்கினால் நீரோட்டத்தின் திசையே மாறிவிடும்.

ஏடுகளில் தொடங்கும் தேடல்

மண்ணைத் தோண்டும் முன் நிலத்தின் கடந்த காலத்தைத் தோண்ட வேண்டும். வில்லங்கச் சான்றிதழ் யார் யாருக்கு விற்றார், எங்கே அடமானம் வைத்தார் என்பதைக் காட்டும். அடியில் தொட்டி புதைந்திருப்பதைக் காட்டாது. பட்டாவும் சிட்டாவும் அப்படியே. ஆனால் பத்திரங்களின் வரிசையில் ஒரு எண்ணெய் நிறுவனத்தின் பெயரிலான குத்தகை ஆவணம் தலைகாட்டினால் அது வலுவான தடயம். எரிபொருள் சேமிப்புக்கு 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தின் கீழும் 2002ஆம் ஆண்டு விதிகளின் கீழும் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தோடு தொட்டிகள் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடமும் அங்கீகரிக்கப்படுகிறது. தொட்டி எங்கே, குழாய் எந்த வழி, ஆவிபோக்கிக் குழாய் எந்த மூலை என்று அந்தத் தாள் சொல்லிவிடும். துளை போட வேண்டிய இடங்களில் பாதியை அதிலிருந்தே குறித்துவிடலாம்.

தாளில் இல்லாதது ஆட்களிடம் இருக்கும். பழைய பங்க் ஊழியர், பக்கத்து டீக்கடைக்காரர், போர் போட்ட வண்டிக்காரர் ஆகியோரிடம் கேட்க வேண்டியவை எளியவை: தொட்டி எப்போது மாற்றப்பட்டது? டேங்கர் லாரி எந்தப் பக்கம் நின்று இறக்கும்? எந்த ஆண்டு மழையில் தொட்டிக்குள் தண்ணீர் போனது? கசிவு பெரும்பாலும் தொட்டியின் உடலில் தொடங்குவதில்லை. குழாய் இணைப்பு, விற்பனை இயந்திரத்தின் அடிப்பகுதி, லாரியிலிருந்து இறக்கும் வாய் ஆகிய மூன்றிலும்தான் அதிகம் நிகழ்கிறது.

ஆற்றோர நிலங்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணையின் இரு கரைகளும் மூழ்கின. வெள்ளம் புதைந்த தொட்டிகளுக்கு எதிரி. இறுகக் கட்டப்படாத, பாதி காலியான தொட்டி நிலத்தடி நீரின் உந்துதலால் மேலே தூக்கப்பட்டுக் குழாய் முறியலாம். வெள்ளம் விட்டுப்போன புது வண்டல், பழைய எண்ணெய்க் கறையை மூடியும் விடலாம். அப்படிப் படிந்த இடத்தில் மேல்மண்ணை மட்டும் எடுத்துச் சோதித்தால், கிடைப்பது மேற்கே வெகுதூரத்திலிருந்து அடித்துவரப்பட்ட மண்ணின் குணம்.

மண் மாதிரி

‘சாயில் டெஸ்ட் எடுத்தாச்சு’ என்று நில உரிமையாளர் சொன்னால், எந்த டெஸ்ட் என்று கேட்பது அவசியம். கட்டடப் பொறியாளர் எடுப்பது மண்ணின் தாங்குதிறனுக்கானது. வேளாண் துறை எடுப்பது தழை, மணி, சாம்பல் சத்துகளுக்கானது. இரண்டிலும் எரிபொருள் பற்றி ஒரு வரிகூட இருக்காது. வேளாண் மாதிரி எடுக்கும் முறை விவசாயிகளுக்கு மனப்பாடம்: வயலின் பல இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை சுரண்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளை ஒதுக்கி, அரை கிலோ மிஞ்சும்போது நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டுவது. உரப் பரிந்துரைக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை. எரிபொருளுக்கு இதே முறையைக் கையாண்டால் தடயம் மொத்தமும் அழிந்துவிடும். கலக்கும்போதே பென்சீன் பறந்துவிடும். நிழலில் உலர்த்தினால் மீதியும் போய்விடும். பல இடத்து மண்ணைக் கலந்தால், மாசுபட்ட ஒரு பிடி மண் சுத்தமான பத்துப் பிடியில் கரைந்து மறையும். மாதிரி 15 செ.மீ. ஆழத்தில் நின்றுவிட்டால், இரண்டு மீட்டர் ஆழத்தில் புதைந்த தொட்டியின் கசிவைத் தொடவே முடியாது.

எரிபொருள் மாதிரிக்கு ஒவ்வொரு துளையும் தனி, ஒவ்வொரு ஆழமும் தனி. கையால் திருகும் ஆகர் மணலிலும் களியிலும் சில மீட்டர் இறங்கும். மொரம்பு வந்ததும் நின்றுவிடும். அதற்குமேல் இயந்திரத் துளைப்பான் தேவை. இங்கே ஓர் எச்சரிக்கை: தண்ணீர் போர் போடும் வண்டி அழுத்தக் காற்றை ஊதி மண்ணை வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்றோடு ஆவிப்பொருட்களும் போய்விடும். வெளியே குவியும் தூள் எந்த ஆழத்தது என்பதும் உறுதியாகத் தெரியாது. மண்ணை முழு உருளையாக வெளியே எடுக்கும் கருவியே இதற்கு உகந்தது.

உருளை வெளியே வந்ததும் செய்வது சில நிமிட வேலை. அரை மீட்டருக்கு ஒரு பிடி மண்ணைச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாய் மூடி, வெயிலில் சற்று வைத்து, பிஐடி எனப்படும் கையடக்க ஆவி அளவியின் முனையைப் பைக்குள் செலுத்துகிறார்கள். எண் எங்கே தாவுகிறதோ அந்த ஆழத்து மண்ணே ஆய்வகத்துக்குப் போகிறது. அந்த மாதிரியைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. உருளையின் கலையாத பகுதியிலிருந்து சிறு குழலால் குத்தி எடுத்து, மெத்தனால் ஊற்றிய கண்ணாடிக் குப்பியில் அப்போதே இறக்க வேண்டும். மூக்கால் முகர்ந்து பார்ப்பது இந்தத் தொழிலில் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. அது உடலுக்குக் கேடு. சிறிது நேரத்தில் மூக்கும் மரத்துப்போகும் என்பதால் அளவீடாகவும் அதற்கு மதிப்பு இல்லை.

துளை போடும் இடங்களில் ஒன்று, கசிவுக்கு வாய்ப்பே இல்லாத மேட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த மண்ணே ஒப்பீட்டின் அடிப்படை. மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊரில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சர்க்கரை ஆலையிலிருந்து வரும் பிரஸ்மட் என்ற கசடு வயலுக்கு எருவாகப் போகிறது. அதில் கரும்பு மெழுகு இருக்கிறது. எண்ணெய்ப் பசையை மட்டும் அளக்கும் பொதுவான சோதனைக்குக் கரும்பு மெழுகும் டீசலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒப்பீட்டு மாதிரி எடுக்காதவர் எருவைப் பார்த்து டீசல் என்று எழுதிவிட இடமிருக்கிறது.

கிணறும் போர்வெல்லும்

நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் அது எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரும்பைத் தின்னும் பாக்டீரியாவும் அதே போன்ற படலத்தை விரிக்கும். ஒரு குச்சியால் படலத்தைக் கலைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். பாக்டீரியாப் படலம் உடைந்த அப்பளம் போலச் சில்லு சில்லாகப் பிரிந்து அப்படியே நிற்கும். பெட்ரோலியப் படலம் சுழன்று மீண்டும் ஒன்றுகூடும். இது முதல் அறிகுறியை வடிகட்டும் உத்தி மட்டுமே. முடிவுக்கு ஆய்வகம் வேண்டும்.

இருக்கிற கிணற்றிலேயே நீர் எடுத்துச் சோதித்தால் போதாதா என்று கேட்பவர் உண்டு. திறந்த கிணற்றில் மோட்டாரின் புட்வால்வு அடியில் கிடக்கிறது. எரிபொருள் மேலே மிதக்கிறது. வாய்க்காலில் விழும் தண்ணீர் தெளிவாக இருக்க, கிணற்றுக்குள் படலம் கிடக்கலாம். போர்வெல்லில் மேல்மண் பகுதி கேசிங் பைப்பால் அடைக்கப்பட்டிருக்கும். நீர் ஆழமான வெடிப்புகளிலிருந்து வருகிறது. மேலே மொரம்பில் மிதக்கும் பெட்ரோலை அந்த நீர் காட்டாது. ஆகவே கண்காணிப்புக்கென்றே குறுகிய கிணறுகள் அமைக்க வேண்டியிருக்கிறது. அவற்றின் துளையிட்ட வடிகுழாய்ப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் மிதக்கும் படலம் உள்ளே நுழையும். குறைந்தது மூன்று கிணறுகள், ஒரே நேர்கோட்டில் இல்லாமல் முக்கோணமாக அமைந்தால், மூன்றின் நீர்மட்ட உயரங்களை ஒப்பிட்டு நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கணக்கிடலாம். ஆறு இருக்கும் பக்கமே நீர் ஓடும் என்று ஊகித்துவிடக் கூடாது. பாறையின் வெடிப்பும் பக்கத்து வயலின் மோட்டாரும் அந்த ஊகத்தை எளிதில் பொய்யாக்கும்.

இந்தக் கிணறுகளே கேட்டுக்கு வழியாகிவிடக் கூடாது என்பதும் உண்டு. மாசுபட்ட மேலடுக்கைத் துளைத்து, கேசிங்கைச் சரியாக அடைக்காமல் பாறைக்குள் இறங்கினால், இதுவரை மேலே நின்ற பெட்ரோலுக்குக் கீழே போக ஒரு வழியை வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

பருவம் இன்னொரு சிக்கல். மே மாதத்தில் நீர்மட்டம் பாதாளத்துக்குப் போகும். எரிபொருளும் அதோடு இறங்கும். வடகிழக்குப் பருவமழையில் நீர் ஏறும்போது எரிபொருளின் ஒரு பகுதி மண் இடுக்குகளில் சிக்கி நீருக்கு அடியிலேயே நின்றுவிடுகிறது. டிசம்பரில் கண்காணிப்புக் கிணற்றில் படலமே இல்லை என்று அறிக்கை வரும். அடுத்த மே மாதம் அதே கிணற்றில் அது திரும்ப வரும். ஒரே ஒரு முறை, அதுவும் மழை முடிந்த கையோடு எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு நிலம் சுத்தம் என்று சான்று கொடுப்பது நேர்மையான வேலை ஆகாது. கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என்பதே குறைந்தபட்சம்.

மாதிரி எடுப்பதில் ஒழுங்கு முழுவதும் சின்னஞ்சிறு விஷயங்களில் இருக்கிறது. கிணற்றில் தேங்கிய பழைய நீரை முதலில் மெதுவாக வெளியேற்ற வேண்டும். மிதக்கும் படலம் இருந்தால் அதன் தடிமனை அதற்கு முன்பே அளந்துகொள்ள வேண்டும். கிணற்றுக்குள் தெரியும் தடிமன் சுற்றியுள்ள மண்ணில் உள்ளதைவிட அதிகமாகவே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. நீரை 40 மி.லி. கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வழிய நிரப்பி, சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு மூடி, கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிறார்கள். ஒரு சிறு குமிழி ஏறினாலும் அந்தக் குப்பி தள்ளப்படும். பென்சீன் அந்தக் குமிழிக்குள் ஆவியாகிவிடும். கழுவிய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து அனுப்பும் நீர் எதற்கும் பயன்படாது. மாடித் தொட்டிக் குழாயில் பிடித்த நீரும் அப்படித்தான். தொட்டிக்குள் விழும்போதே பாதி ஆவி போய்விட்டிருக்கும்.

குப்பிகள் பனிக்கட்டிப் பெட்டியில் 4 பாகையில் போக வேண்டும். அமிலம் சேர்த்த நீரை 14 நாளுக்குள் சோதித்தாக வேண்டும். மூங்கில்துறைப்பட்டிலிருந்து சென்னை ஆய்வகங்கள் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் அந்த ஆவியும் பெட்டிக்குள் நுழையலாம். இதைப் பிடிப்பதற்காகவே ஆய்வகத்தில் தூய நீர் நிரப்பிய ஒரு குப்பி அதே பெட்டியில் போய்த் திரும்புகிறது. அதில் பென்சீன் தென்பட்டால் மொத்தப் பயணமும் வீண்.

எந்தச் சோதனை என்ற கேள்வி

ஆய்வகத்தில் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: பிடெக்ஸ், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், டீசல் அல்லது கழிவு எண்ணெய் சந்தேகம் இருந்தால் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு முன்பு, பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில் இயங்கிய பங்க் என்றால் ஈயத்தையும் சேர்க்க வேண்டும். வாயு நிறப்பிரிகைக் கருவி தரும் வரைபடத்தையும் எண்ணோடு சேர்த்துக் கேட்டு வாங்குவது நல்லது. பெட்ரோல், டீசல், கரும்பு மெழுகு ஆகியவற்றின் வரைபடங்கள் தோற்றத்திலேயே வேறுபட்டிருக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் வழக்கமான நீர்ச் சோதனை உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவற்றுக்கானது. ‘குடிக்க ஏற்றது’ என்ற அந்த அறிக்கை பென்சீனைப் பார்த்தே இருக்காது.

சோதனையின் தேர்வு எவ்வளவு தூரம் முடிவை மாற்றும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சாட்சி. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறு இல்லாத அந்த நிலத்தில் கிணற்று நீரே குடிநீரும் பாசன நீரும். சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கும் மின் நிலையங்களைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் தெரிவதாக 2014, 2015 வாக்கில் மக்கள் முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகள் பெரும்பாலான கிணறுகளில் எண்ணெய், கிரீஸ் அளவு வரம்பை மீறியதைக் காட்டின. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ, ஆபத்தான பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் மாசு இல்லை என்றது. எண்ணெய், கிரீஸ் சோதனை கரைப்பானில் கரையும் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு எடை பார்க்கிறது. பிடெக்ஸ் சோதனை நான்கு பொருட்களை மட்டும் தேடுகிறது. ஆவியாகும் பொருட்கள் ஏற்கெனவே போய்விட்ட பழைய கழிவு எண்ணெயில் பிடெக்ஸ் இல்லாதிருப்பது வியப்பில்லை. ஆனால் கிணற்றடியில் வாளியோடு நின்றவர்களுக்கு இந்த நுட்பத்தை யாரும் விளக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு அறிவிப்புகள். வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரல் 4 அன்று, பாதிக்கப்பட்ட கிணறுகளின் உரிமையாளர்களுக்கு, அங்கே மின் நிலையம் நடத்திய நார்தர்ன் பவர் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் நடந்தது வேறு வகை. துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கிடங்குக்குச் செல்லும் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாய் கசிந்து, குடியிருப்புகளின் போர்வெல்களில் எரிபொருளே வந்தது. அங்கே மாசு உண்டா என்ற கேள்விக்கு இடமே இல்லை. எவ்வளவு பரப்பு, எவ்வளவு ஆழம், எப்போது தீரும் என்பவையே கேள்விகள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் வழக்கு நடந்தது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் அந்த நிலத்தை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். தமிழ்நாட்டில் நிலத்தடி எரிபொருள் மாசு குறித்து அறிய விரும்பும் எவரும் தொடங்க வேண்டிய இடம் அதுவே. தண்டையார்பேட்டை கடலோர மணற்பாங்கு என்பதால், அங்கே கற்ற எல்லாம் கள்ளக்குறிச்சியின் கெட்டிப் பாறைக்குப் பொருந்தாது.

எண்களும் விதிகளும்

அறிக்கையில் உள்ள எண்ணை எதனோடு ஒப்பிடுவது? இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500, கனிம எண்ணெய்க்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களுக்கு 0.0001 மில்லிகிராமும் வரம்பு வைத்திருக்கிறது. பென்சீனுக்கு அதில் தனி வரம்பு இல்லை. இது பெரிய ஓட்டை. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் 10 மைக்ரோகிராமையோ அமெரிக்காவின் 5 மைக்ரோகிராமையோ எடுத்துக்கொள்வது வழக்கம். மண்ணுக்கு நெதர்லாந்தின் தலையீட்டு அளவுகள் பல நாடுகளில் புழங்குகின்றன: கனிம எண்ணெய்க்குக் கிலோவுக்கு 5,000 மில்லிகிராம், பென்சீனுக்கு 1.1 மில்லிகிராம். அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால், கருவியால் கண்டறியக்கூடிய கடைசி அளவு என்ன என்று பார்க்க வேண்டும். 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் எதையும் பார்க்க முடியாத கருவிக்கு, 10 மைக்ரோகிராம் வரம்பைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. ஆய்வகம் என்ஏபிஎல் எனப்படும் தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதோடு, அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட இந்தச் சோதனைக்கும் உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரி 7 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல், புதிய பங்க்குகள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. தவிர்க்க முடியாத இடத்தில் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர் வரை குறைக்கலாம். பாறை வெடிப்பில் ஓடும் நீருக்கு இந்த 50 மீட்டர் ஒரு தடையே இல்லை. 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகள் இதுவரை இல்லாத ஒரு வழியைத் திறந்திருக்கின்றன. உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநில வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் 90 நாளுக்குள் முதற்கட்ட மதிப்பீட்டையும், தேவைப்பட்டால் அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். தூய்மைப்படுத்தும் செலவு மாசுபடுத்தியவரைச் சேரும். விதி புதிது, கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டத்தில் அது எப்படி நடைமுறைக்கு வரும் என்பது ஊராட்சிகள் எழுதும் மனுக்களைப் பொறுத்தது.

கிணற்றில் பெட்ரோல் வாடை வந்தால் செய்ய வேண்டியவை சில. யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது, மோட்டார் சுவிட்சைத் தொடக் கூடாது, தீக்குச்சி கூடவே கூடாது. தீயணைப்புத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். நிலம் வாங்குபவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாதிரி எடுக்க அனுமதி கேட்க வேண்டும். மறுக்கும் விற்பனையாளரிடம் அந்த மறுப்பே ஒரு பதில். பழைய பங்க்கை மூடித் தொட்டியை வெளியே எடுக்கும் நாளில் குழியின் அடியும் நான்கு பக்கச் சுவர்களும் திறந்து கிடக்கும். அன்று எடுக்கும் ஐந்தாறு மாதிரிகள் தரும் தகவலை, குழியை மூடிக் கான்கிரீட் போட்ட பிறகு பெறுவதற்குப் பல துளைகள் போட வேண்டியிருக்கும். குழியை மூடுவதற்கு முன் ஆய்வகத்தாரை வரவழைக்க வேண்டும் என்ற ஒரு வரியைக் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நில உரிமையாளருக்கு நல்லது.